என்வலப்பில் வரும் விலை

வாணர் தாம்போதியைக் கடந்து புங்குடுதீவில் கால் வைத்தால் மடத்துவெளி. எழுத்தாளர் மு. தளையசிங்கத்தையும் கவிஞர் சு. வில்வரத்தினத்தையும் தந்த தீவு இது. ஈழத்து நவீன இலக்கியத்துக்கு இத்தனை கொடுத்த மண்ணில், அந்த இலக்கியத்தை விலைகொடுத்து வாங்கும் சந்தை நிலையாக அமையவில்லை. முன்பு கொழும்பிலும் தென்னிலங்கையிலும் கடை வைத்தவர்களின் காசு, இன்று ரொறன்ரோவிலும் பாரிசிலும் சுவிசிலும் உழைப்பவர்களின் காசு: தீவுக்கு வந்த செல்வம் பெரும்பாலும் இதுதான். அது இலக்கியத்தை வந்தடையும் முதன்மையான வழி நூல் வெளியீட்டு விழா.

அச்சுச் செலவை எழுத்தாளரே போடுவார். இல்லையேல் வெளிநாட்டு உறவினர் ஒருவர் பொறுப்பேற்பார். மங்கல விளக்கு, வாழ்த்துரை, ஆய்வுரை முடிந்ததும் முதற்பிரதியை ஊரின் வர்த்தகப் பிரமுகர் பெறுவார். பிறகு பெயர் வாசிக்க வாசிக்க ஒவ்வொருவராக மேடையேறி, என்வலப்பைக் கொடுத்து நூலை வாங்கிப் படத்துக்கு நிற்பார்கள். அட்டையில் அச்சிட்ட விலை ஒன்று, என்வலப்புக்குள் இருக்கும் தொகை வேறு.

இதை வெறும் சடங்கென்று ஒதுக்குவது நியாயமல்ல. மேற்கிலும் நவீனத்துவம் கடைச் சந்தையை மட்டும் நம்பி வளரவில்லை. ஜேம்ஸ் ஜாய்ஸின் ‘யுலிசீஸ்’ 1922இல் பாரிசில் 1,000 பிரதிகளே அச்சானது. மிக மலிவான பிரதிக்கே 150 பிராங். முன்பதிவு செய்தவர்களும் புரவலர்களும் அதைத் தாங்கினார்கள். சீனத்தின் சாங்காய் நகரம் வேறு வழியில் போனது. நான்ஜிங் சாலையின் பெருங்கடைகளும் திரையரங்குகளும் நடன அரங்குகளும் 1930களில் மூ ஷியிங்கின் கதைகளுக்குப் பொருளையும் வேகத்தையும் தந்தன. அங்கே எழுத்தாளர் லூ சுன் பெரும்பாலும் எழுத்து வருமானத்தில் வாழ்ந்தார். 1929இல் தன் பதிப்பாளர் தரவேண்டிய உரிமைத்தொகைக்காக வழக்கறிஞரை அமர்த்தினார். முகமறியாத வாசகரின் காசு அவருக்கு உரிமையாக வந்தது.

நமக்கும் அப்படியொரு காலம் சில ஆண்டுகள் வாய்த்தது. 1970க்குப் பின் இலங்கை அரசு இறக்குமதியைக் கட்டுப்படுத்தியபோது தமிழக இதழ்களின் வரத்துக் குறைந்து, வீரகேசரி பிரசுரங்கள் உள்ளூர் நாவல்களைப் பெருவாரியாக விற்றன. நெடுந்தீவைக் களமாகக் கொண்ட செங்கை ஆழியானின் ‘வாடைக்காற்று’ அப்படி வாசகரிடம் போனது. 1977இல் பொருளாதாரம் திறந்துவிடப்பட்டது. தமிழக இதழ்கள் திரும்பி வந்தன. அந்தச் சந்தை சுருங்கியது. எஞ்சியது விழா மண்டபம்தான்.

அந்த மண்டபம் செய்த நன்மை பெரிது. எந்தப் பதிப்பாளரும் தொடத் தயங்கும் கவிதைத் தொகுப்பு அச்சேறியது. விற்கும் சரக்கா என்ற கேள்விக்கு எழுத்தாளர் பதில் சொல்ல வேண்டியிருக்கவில்லை. கடன்படாமல் அடுத்த நூலை நினைக்க முடிந்தது. ஊரைப் பிரிந்தவர்களுக்கு, தம் மண்ணின் எழுத்தோடு உறவு வைத்திருக்க அது ஒரு வாசலாகவும் இருந்தது.

தீமையும் அதே இடத்தில்தான் பிறக்கிறது. மண்டபத்தில் நூலை வாங்குபவர் எழுத்தாளரை ஆதரிக்கிறார். நூலைப் படிக்கும் கடமை அவருக்கு இல்லை. காசு கொடுப்பவர் முன்வரிசையில் இருக்கும்போது ஆய்வுரை வாழ்த்துரையாகிறது. குறை சொன்னால் விழாவைக் கெடுத்தவர் என்ற பெயர்தான் மிஞ்சும். சந்தையின் அதிகாரத்திலிருந்து தப்பிய எழுத்து, உறவின் அதிகாரத்துக்குள் அகப்படுகிறது.

இது எழுதும் பொருளையும் தீர்மானிக்கிறது. பனங்கூடல், கோயில் திருவிழா, பழைய பள்ளிக்கூடம் பற்றிய ஏக்கத்துக்கு முதற்பிரதி வாங்க ஆள் உண்டு. அதே ஊரில் ஒடுக்கப்பட்டோர் நன்னீர்க் கிணற்றில் தண்ணீர் அள்ளும் உரிமைக்காகப் போராட நேர்ந்தது. தளையசிங்கம் அவர்களோடு நின்று காவல்துறையின் தாக்குதலுக்கு ஆளானார், 1973இல் மறைந்தார். அந்தக் கிணற்றைப் பற்றி இன்று ஒருவர் உண்மையாக எழுதினால், எத்தனை பிரமுகர்கள் மேடையேறுவார்கள்? வில்வரத்தினத்தின் ‘காற்றுவெளிக் கிராமம்’ ஆட்கள் அகன்ற ஊரின் வெறுமையை முகத்துக்கு நேரே வைத்தது. ஊர்ப்பற்று அப்படியும் பேசும். ஊரைப் புகழ்வதுதான் ஊர்ப்பற்று என்று விழா நம்மைப் பழக்கிவிடக் கூடாது.

ஆகவே விழாவை விட்டுவிடச் சொல்லமாட்டேன். அதன் வேலைகளைப் பிரிக்கச் சொல்வேன். வெளியீட்டு நாளில் நன்றியும் வாழ்த்தும் இருக்கட்டும். ஆய்வுரையை இரண்டு மாதம் தள்ளி, நூலைப் படித்தவர்கள் மட்டும் கூடும் சனசமூக நிலையத்துக்கு மாற்றலாம். என்வலப்பில் வரும் தொகையில் ஒரு பங்கு, தீவகத்துப் பள்ளிகளுக்கும் வாசிகசாலைகளுக்கும் பிரதிகளாகப் போகலாம். 2005இல் தொடங்கிய நூலகம் இணையத் திட்டத்துக்கு எழுத்தாளரே நூலைக் கொடுத்தால், முகமறியாத வாசகர் காசின்றியே கிடைப்பார். புரவலர் நூலை அச்சேற்றுவார். அதை இலக்கியமாக நிலைநிறுத்துவது எழுத்தாளருக்கு எவ்வகையிலும் கடமைப்படாத அந்த வாசகரின் தீர்ப்பே.