செப்பேடு இல்லாத சத்திரம்

2025 மே 1 அன்று ‘டூரிஸ்ட் ஃபேமிலி’ வெளியானது. அதே மாதம் 19ஆம் தேதி உச்ச நீதிமன்றத்தில் ஓர் இலங்கைத் தமிழரின் மனு விசாரணைக்கு வந்தது. உபா சட்டத்தில் தண்டனை பெற்றவர். சென்னை உயர் நீதிமன்றம் 2022இல் தண்டனையை ஏழு ஆண்டாகக் குறைத்து, முடிந்ததும் நாட்டை விட்டு வெளியேற வேண்டும் என்றது. திரும்பிப் போனால் உயிருக்கு ஆபத்து, மனைவி பிள்ளைகள் இங்கேதான் இருக்கிறார்கள் என்று அவர் தரப்பு வாதிட்டது. உலகத்து அகதிகளையெல்லாம் வைத்துக்கொள்ள இந்தியா தர்மசத்திரம் இல்லை, வேறு நாட்டுக்குப் போகட்டும் என்ற பொருளில் சொல்லி, நீதிபதி திபாங்கர் தத்தா தலைமையிலான அமர்வு மனுவை ஏற்க மறுத்தது.

தியேட்டரில் ஜனங்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்த அதே வாரங்கள் அவை. ‘மக்களுக்கு மனசு இருக்கு, கோர்ட்டுக்கு இல்ல’ என்று எழுதிவிடுவது சுலபம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. படமும் அந்த வாய்மொழியும் நிற்பது ஒரே தரையில்தான்.

படத்தை முதலில் பார்ப்போம். பொருளாதார நெருக்கடிக்குத் தப்பி ஒரு குடும்பம் படகில் ராமேஸ்வரம் கரைக்கு வருகிறது. ரோந்துப் போலீஸ் பிடிக்கிறது. சின்னப் பையனின் பேச்சில் இளகி, விட்டுவிடுகிறது. அப்புறம் சென்னை, ஒரு தெரு, ஒரு வாடகை வீடு. அபிஷன் ஜீவிந்துக்கு இது முதல் படம் என்பதை நம்ப முடியவில்லை. அவ்வளவு நிதானம். எனக்குப் பிடித்தது மொழியை அவர் கையாண்ட விதம். சொந்தத் தமிழையே வாயில் வராமல் அடக்கிக்கொண்டு, தமிழர்களுக்கு நடுவில் வாழ வேண்டிய நிலைமை. சசிகுமாரும் சிம்ரனும் ஒவ்வொரு வாக்கியத்துக்கு முன்னாலும் ஒரு நொடி தயங்குகிறார்கள் பாருங்கள், அந்தத் தயக்கத்தில்தான் படத்தின் உயிர் இருக்கிறது.

ஆனால் அந்தக் கரைக் காட்சி என்னை உறுத்திக்கொண்டே இருக்கிறது. குடும்பம் எதையும் கோருவதில்லை. ‘எங்களுக்குப் பாதுகாப்பு கொடுங்கள்’ என்று யாரும் கேட்பதில்லை. ஒரு காவலருக்கு இரக்கம் வருகிறது, அதோடு கதை நகர்கிறது. அந்த இரவு அங்கே வேறொருவர் பணியில் இருந்திருந்தால் படம் பத்து நிமிடத்தில் முடிந்திருக்கும். கடைசியிலும் அதேதான். தெருவே சேர்ந்து அவர்களைக் காக்கிறது. அதுவும் இரக்கம்தான், ஆள் மட்டும் அதிகம்.

நிஜக் கரையில் என்ன நடந்தது? 2022 மார்ச் 22 அன்று, நெருக்கடிக்குப் பிந்தைய முதல் குழுக்கள் வந்தன. ஆறு பேரைப் படகுக்காரர்கள் அரிச்சல்முனைக்கு அருகே மணல் தீடையில் இறக்கிவிட்டுப் போய்விட, கடலோரக் காவல்படை மீட்டது. அடுத்து நடந்தது கடவுச்சீட்டுச் சட்டத்தில் வழக்கு. பிறகு மாநில அரசு தலையிட்டு மண்டபம் முகாமில் இடம் கொடுத்தது. வந்தவர்கள் எண்ணிக்கை பின்னால் இருநூறைத் தாண்டியது. இடம் கிடைத்தது, சாப்பாடு கிடைத்தது. ஆனால் ‘உன் கோரிக்கையை ஏற்றோம்’ அல்லது ‘மறுத்தோம்’ என்று ஒரு காகிதம் யார் கையிலும் இல்லை. இந்தியா 1951 அகதிகள் உடன்படிக்கையில் கையெழுத்திடவில்லை. அகதிகளுக்கென்று தனிச் சட்டமும் இல்லை. சட்டத்தின் கண்ணில் அவர் வெளிநாட்டவர், அவ்வளவுதான்.

இதில் ஒரு விபரீதம் உண்டு. நீதிமன்ற மறுஆய்வு கேட்க வேண்டுமானால் முதலில் ஒரு முடிவு இருக்க வேண்டும். மறுக்கப்படாதவன் மறுப்பை எதிர்த்து எங்கே போவான்? லண்டனில் 1987இல் தஞ்சம் மறுக்கப்பட்ட தமிழர்களிடம் அந்தக் காகிதம் இருந்தது. பிரபுக்கள் சபை வரை போய்த் தோற்றார்கள். 1988 பிப்ரவரியில் ஐந்து பேர் இலங்கைக்குத் திருப்பி அனுப்பப்பட்டார்கள். அங்கிருந்தபடியே மேல்முறையீடு செய்தார்கள். 1989இல் விசாரித்த அதிகாரி அவர்களுடைய அச்சம் நியாயமானதுதான் என்று சொன்னார். 1991இல் ஸ்ட்ராஸ்பர்க் நீதிமன்றமோ, திருப்பி அனுப்பியதில் மீறல் இல்லை, நீதிமன்ற மறுஆய்வே போதுமான பரிகாரம் என்று தீர்ப்பளித்தது. கசப்பான கதைதான். அந்த மறுஆய்வு, அதிகாரி முடிவெடுத்த முறை சரியா என்றுதான் பார்க்கும், உன் பயம் உண்மையா என்று பார்க்காது. ஆனாலும் சண்டை போட ஒரு பிடி இருந்தது.

நம் ஊரில் பிடி அரசியலமைப்பின் 226ஆம் பிரிவு. ரிட் மனு போடலாம். 2019இல் மதுரைக் கிளையில் நீதிபதி ஜி.ஆர். சுவாமிநாதன், முகாம்களில் வாழும் இந்திய வம்சாவளித் தமிழர்கள் குடியுரிமை கேட்ட வழக்கில் பரிவோடு எழுதினார். அந்தத் தீர்ப்பை ஓர் இலக்கியப் பிரதியாகவே வாசிக்கலாம். ஆனால் பக்கம் பக்கமாகப் போகும் அந்தப் பரிவு கடைசியில் வந்து சேரும் வினைச்சொல் ‘பரிசீலிக்கவும்’. விண்ணப்பம் கொடுங்கள், மத்திய அரசு 16 வாரத்தில் முடிவெடுக்கட்டும் என்பதே உத்தரவு. நீதிபதியைக் குறை சொல்ல முடியாது. உரிமை எழுதப்படாத இடத்தில் நீதிமன்றம் அதற்கு மேல் போவது கடினம்.

இப்போது அந்தத் தர்மசத்திரத்துக்கு வருவோம். ராமநாதபுரத்துக்காரர்களுக்கு இந்தச் சொல் அந்நியமில்லை. சேது யாத்திரைக்கு வருகிறவர்களுக்காகச் சேதுபதிகள் வழிநெடுகச் சத்திரம் கட்டினார்கள். தஞ்சை மராட்டியர்களும் கட்டினார்கள், ஒரத்தநாட்டு முத்தாம்பாள் சத்திரம் இன்னும் நிற்கிறது. டெல்லியில் அந்தச் சொல்லைச் சொன்னபோது, யார் வேண்டுமானாலும் நுழையும் கணக்கு வழக்கில்லாத இடம் என்ற தொனி இருந்தது. உண்மையான சத்திரம் அப்படி இல்லை. அதற்கென்று ஊர்கள் மானியமாக எழுதிவைக்கப்பட்டன. சேதுபதிகள் செப்பேட்டில் வெட்டிக் கொடுத்தார்கள். சந்திர சூரியர் உள்ளவரை செல்லும் என்று எழுதி, மீறினால் பாவம் என்று சாபமும் சேர்த்தார்கள். அடுத்து வரும் ராஜாவுக்கு மனசு இருந்தாலும் இல்லாவிட்டாலும், வழிப்போக்கனுக்குச் சோறு போட்டாக வேண்டும். எழுதிய பிறகு அது இரக்கம் இல்லை, கடமை. (மண்டபம் முகாம்கூட ஒரு காலத்தில் எதிர்த்திசைக்கானது. இலங்கைத் தோட்டங்களுக்குப் போகும் கூலிகளை இலங்கை அரசு இங்கேதான் தடுத்து வைத்துச் சோதித்தது.)

அதனால்தான் நீதிபதியின் எரிச்சலும் படத்தின் கருணையும் எனக்கு ஒரே தரையில் நிற்பதாகத் தெரிகிறது. இரண்டுக்குமே தஞ்சம் என்பது வீட்டுக்காரன் மனசைப் பொறுத்தது. ஒருவர் இல்லை என்கிறார், இன்னொருவர் வாங்க என்கிறார். வந்தவனுக்குக் கேட்க ஏதாவது இருக்கிறதா என்று இரண்டு பேருமே பார்ப்பதில்லை. ஒரு ஃபீல்குட் படத்திடம் இவ்வளவு கேட்கணுமா என்று நீங்கள் கேட்கலாம். கேட்கலாம் என்றே நினைக்கிறேன். தர்மதாஸை அவ்வளவு கம்பீரமான மனிதனாக எழுதிய இயக்குநர், ஒரே ஒரு காட்சியில் அவனை ஏதாவது ஒரு மேஜைக்கு முன்னால் உட்காரவைத்து, ‘ஏன் வந்தீர்கள்?’ என்ற கேள்விக்கு அவன் முழுசாகப் பதில் சொல்வதைக் காட்டியிருக்கலாம்.

படம் வந்து நான்கு மாதம் கழித்து, செப்டம்பரில், புதிய குடிவரவுச் சட்டத்தோடு மத்திய அரசு ஒரு விலக்கு ஆணை வெளியிட்டது. 2015 ஜனவரி 9 வரை வந்து தஞ்சமடைந்து, பதிவு செய்துகொண்ட இலங்கைத் தமிழர்கள் மீது கடவுச்சீட்டு, விசா இல்லாத குற்றத்துக்காக நடவடிக்கை இல்லை. நல்ல செய்தி. குடியுரிமை இல்லை, ஆனாலும் எழுத்தில் ஒரு வரி. தீடையில் இறக்கிவிடப்பட்ட அந்த ஆறு பேர் வந்தது 2022இல். தர்மதாஸ் குடும்பமும் அந்தத் தேதிக்குப் பிறகுதான் படகேறியது.