பண்பாட்டுச் சாசனமும் பண்டச் சந்தையும்

சினிமாவும் சவர்க்காரமும் ஓரினப் பண்டங்களல்ல என்று உலக நாடுகள் சொல்லத் துணிந்த சந்தர்ப்பம் ஒன்றுண்டு. 2005 ஒக்டோபர் 20ஆந் திகதி, பாரிஸிற் கூடிய யுனெஸ்கோ மாநாடு, பண்பாட்டு வெளிப்பாடுகளின் பன்மையைக் காக்கும் சாசனத்தை 148 வாக்குகளால் நிறைவேற்றியது. எதிர்த்தவை அமெரிக்காவும் இஸ்ரேலுமே. ஹொலிவூட்டின் தாயகம் ஏன் எதிர்த்தது என்பதை விளக்க வேண்டியதில்லை.

ஆயினும் சாசனத்தைப் போற்றுவோர் அதன் இருபதாம் சரத்தை ஊன்றிப் படித்தல் நன்று. பிற ஒப்பந்தங்களுக்குத் தான் கீழ்ப்பட்டதன்று என முழங்கிவிட்டு, அவ்வொப்பந்தங்கள் தரும் உரிமை கடமைகள் எவற்றையும் தான் மாற்றாது என அடுத்த மூச்சிலேயே அது அடங்கிவிடுகிறது.

இதன் பொருளைத் தென் கொரியாவிற் கண்டோம். ஆண்டில் 146 நாட்கள் படமாளிகைகள் சுதேசப் படங்களைக் காட்டியாக வேண்டுமென்பது அங்கிருந்த சட்டம். சாசனத்துக்கு ஆதரவாக வாக்களித்த அந்நாட்டு அரசாங்கமே, அமெரிக்காவுடன் வர்த்தகப் பேச்சைத் தொடங்கும் பொருட்டு, 2006 ஜனவரியில் அதனை 73 ஆக்குவதாக அறிவித்தது, ஜூலையில் நடைமுறைப்படுத்தியது. 'ஓல்ட்போய்' நாயகன் சொய் மின்-சிக் தமக்கு அரசு அளித்த விருதைத் திருப்பிக் கொடுத்தார். கொரியா சாசனத்தை ஏற்றுறுதி செய்ததோ 2010இல். பாதியை இழந்த பின்னர்!

'பரசைற்' 2020இல் ஒஸ்கார் பரிசு பெற்றதைக் காட்டி, கலைக்குக் காப்பு எதற்கு என்று கேட்போர் உளர். அதன் நெறியாளர் பொங் ஜூன்-ஹோவின் முதற் படம் 2000இல், அந்த 146 நாட் சட்டத்தின் நிழலிலேயே திரைக்கு வந்தது என்பதை மட்டும் அவர்கள் சொல்வதில்லை.