‘அஸ்’: நடிப்பின் வெற்றியும் விளக்கத்தின் தோல்வியும்

ஜார்டன் பீல் எழுதி இயக்கி 2019-ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் வெளிவந்த ‘அஸ்’ என்னும் அமெரிக்கத் திகில் படத்தில், தன் குழந்தைகளைக் காக்கப் போராடும் தாயாகவும், அவளைக் கொல்ல வரும் அவளுடைய பிரதி உருவமாகவும் இரட்டை வேஷம் தாங்கியிருக்கும் லுபிதா நியோங்கோவின் நடிப்பு, இவ்வகைப் படங்களில் நான் கண்டவற்றுள் முதல் வரிசையில் வைக்கத்தக்கது. அந்த நடிப்புக்கு இடம் தந்த கதையோ, கற்பனையில் அபூர்வமானதாக இருந்தும், நடிப்பு ஏற்கெனவே நம்பச் செய்துவிட்ட விஷயத்துக்குக் காரணம் சொல்லப் புகுந்து தன் பலத்தைத் தானே குறைத்துக்கொள்கிறது. நண்பர்கள் சிலரோடு அமர்ந்து இப்படத்தைப் பார்த்த இரவில் இது எனக்கு ஐயமறப் புலப்பட்டது. கதையின் ரகசியத்தைத் தொடாமல் இதை ஆராய இயலாதாகையால், படத்தைப் பாராதவர்கள் பார்த்த பிறகு மேலே படிப்பது உசிதம்.

1986-ஆம் ஆண்டில், கலிபோர்னியாவின் சாண்டா குரூஸ் கடற்கரைப் பூங்காவில் பெற்றோரை விட்டு விலகிச் சென்ற சிறுமி அடிலெய்டு, கண்ணாடி மண்டபம் ஒன்றினுள் நுழைந்து, பிம்பம் நிற்கவேண்டிய இடத்தில் உயிருள்ள தன் உருவத்தையே காண்கிறாள். அவள் வளர்ந்து மணமாகி, கணவனோடும் இரு குழந்தைகளோடும் அதே ஊருக்கு விடுமுறையைக் கழிக்க வரும்போது, ஓர் இரவில் வீட்டு வாசலில் நால்வர் கைகோத்து அசையாமல் நிற்கிறார்கள். சிவப்பு உடையும் கத்தரிக்கோலுமாக வந்த அந்நால்வரும் இக்குடும்பத்தினரின் மறு உருவங்களே. பழிவாங்கும் ஆவியையோ பாழடைந்த பங்களாவையோ துணைக்கு அழைக்காமல், தன் முகமே தன்னைக் கொல்ல வருவதாகிய ஒரே எண்ணத்தின்மேல் பயத்தை எழுப்பியிருப்பது பீலின் தனிச் சாமர்த்தியம்.

இந்தக் கட்டத்துக்குப் பிறகு எங்கள் அறையில் நெடுநேரம் எவரும் வாய் திறக்கவில்லை. எந்தக் கதையிலும் காரண காரியம் கேட்டுத் தர்க்கம் செய்யும் வழக்கமுடைய நண்பர்கூட, இவர்கள் யார், எங்கிருந்து வந்தார்கள் என்று கேட்கவில்லை. கேட்கவேண்டிய அவசியம் நேராதபடி நடிகர்கள் பார்த்துக்கொண்டார்கள். வேடிக்கை பேசியே வீட்டை நடத்தும் கணவனாக வரும் வின்ஸ்டன் டியூக், அவனுடைய பிரதியாக வரும்போது பேச்சை முற்றும் இழந்து பாரமான உடலும் உறுமலுமாக மாறிவிடுகிறார். குடும்ப நண்பராக வரும் எலிசபெத் மாஸ், தன் பிரதியாகக் கண்ணாடி முன் அமர்ந்து உதட்டுச் சாயம் பூசிக்கொள்ளும் சில விநாடிகளில், வாழ்நாள் முழுவதும் மறுக்கப்பட்டதை முதன்முதலாகத் தொட்டுப் பார்க்கும் ஒரு ஜீவனின் ஆனந்தத்தையும் குரோதத்தையும் ஒருங்கே காட்டிவிடுகிறார்.

இவர்கள் அனைவருக்கும் மேலாக நிற்பவர் நியோங்கோ. அடிலெய்டாக வரும்போது தோள்கள் சற்று உள்வாங்க, கண்கள் எப்போதும் வாசலையே நாட, அவசரத்தில் இயங்குகிறார். ரெட் என்னும் பிரதியாக வரும்போது முதுகெலும்பு நிமிர்ந்து, ஓர் அசைவுகூட விரயமாகாமல், திரும்புவதாயின் திரும்புவதை மட்டுமே செய்து நிற்கிறார். குரலோ, நெரிக்கப்பட்ட தொண்டையிலிருந்து மூச்சு வெளியேறாமல் உள்ளே இழுபட்டு, ஒவ்வொரு சொல்லும் வலியோடு பிறப்பதுபோல் ஒலிக்கிறது. குரல்வளைத் தசைகள் தாமே இறுகிப் பேச்சைத் தடுக்கும் ஒரு நோயை இக்குரலுக்குத் தூண்டுதலாக அவர் குறிப்பிட்டபோது, மெய்யான ஒரு துன்பத்தைப் பயங்கரத்தின் அடையாளமாக்கலாகாது என்று அந்நோயாளர்களின் சார்பில் ஆட்சேபம் எழுந்தது. அது நியாயமான ஆட்சேபமே, அவரும் மன்னிப்புக் கேட்டுக்கொண்டார்.

படத்தின் சரிவு பூமிக்கு அடியில் நேர்கிறது. மேலே வாழும் மனிதர்களை ஆட்டிவைப்பதற்காக அவர்களைப் போலவே பிரதிகள் உண்டாக்கப்பட்டன என்றும், முயற்சி கைவிடப்பட்ட பின் அவர்கள் முயல்களின் பச்சை மாமிசத்தைத் தின்று சுரங்கங்களிலேயே காலம் தள்ளினார்கள் என்றும் ரெட் நீளமாக எடுத்துரைக்கிறாள். அதுவரை மௌனமாக இருந்த நண்பர்கள் அப்போதுதான் பேசத் தொடங்கினார்கள். இத்தனை பேருக்கும் சிவப்பு உடை தைத்தவர் யார்? மேலே உள்ளவரின் அசைவுக்கெல்லாம் கட்டுண்டு ஆடியவர்கள் எப்போது, எவ்வாறு விடுபட்டார்கள்? ஒவ்வொரு சந்தேகமும் நியாயமானது. ஆயினும் அவற்றுள் ஒன்றேனும் விளக்கத்துக்கு முன்னால் எங்கள் மனத்தில் தோன்றவில்லை. வறியோருக்காக 1986 மே 25-ஆம் தேதி அமெரிக்கா நெடுகிலும் மக்கள் கைகோத்து நின்ற நிகழ்ச்சியை இந்தப் பிரதிகள் திரும்ப நிகழ்த்துவதில், மேலே உள்ளோரின் சுகம் கீழே உள்ளோரின் துக்கத்தின்மீது அமைந்தது என்னும் தத்துவம் தெளிவாகவே தெரிகிறது. உருவகமாக நின்றவரையில் வலுவாக இருந்த அதற்கு நிர்வாகக் கணக்கும் எழுதிக் காட்ட முற்பட்டது பீலின் பிழை.

அப்பிழையிலிருந்து படத்தை மீட்பதும் நியோங்கோவே. கண்ணாடி மண்டபத்தில் சிறுமிகள் இருவரும் இடம் மாற்றப்பட்டார்கள், நாம் தாயென்று அன்பு பாராட்டியவளே கீழிருந்து வந்த பிரதி என்பது முடிவில் வெளிப்பட்டதும், நண்பர் ஒருவரின் யோசனைப்படி முற்பகுதிக் காட்சிகள் சிலவற்றைத் திரும்பப் பார்த்தோம். காரில் மகனுக்குத் தாளம் பிடிக்கக் கற்றுத்தரும் அடிலெய்டின் விரற்சொடுக்கு, பாட்டின் தாளத்தோடு சேரவே இல்லை. கடற்கரையில், தனக்குப் பேச்சு எளிதில் வருவதில்லை என்கிறாள். ஆபத்தில் கொல்ல நேரும்போது அவள் வாயிலிருந்து எழுவது மனித ஓசையன்று. பிரதிகளுள் ரெட் ஒருத்தி மட்டுமே பேசத் தெரிந்தவளாக இருந்ததன் பொருளும் அப்போதுதான் விளங்கியது. திரைக்கதை கடைசியில் சொல்லும் ரகசியத்தை நடிகையின் தேகம் முதல் காட்சி தொட்டே சொல்லிக்கொண்டிருந்தது. சிறுவயதுப் பாலே நடனத்தை இடையிடையே கோத்து, மைக்கேல் ஏபெல்ஸின் இசையோடு நடக்கும் கடைசிப் போரில், அடிலெய்டு வெறிகொண்டு வீசும் ஒவ்வொரு அடியையும் ரெட் ஒரு சிறு விலகலால் வீணாக்குவது, இருவருள் நாட்டியம் எவளுடையது என்பதை ஒரு வசனமும் இன்றி நிரூபிக்கிறது.

நியூயார்க் திரைப்பட விமர்சகர் வட்டம் அந்த ஆண்டின் சிறந்த நடிகையாக நியோங்கோவைத் தேர்ந்தது; ஆஸ்கார் பரிந்துரைப் பட்டியலிலோ அவர் பெயர் இடம்பெறவில்லை. திகில் படத்து நடிப்பை இரண்டாந்தரமாக எண்ணும் பழக்கம் உலகெங்கும் உண்டு. இத்தகைய நடிப்பைக் கண்ட பின்னும் அதை விடாதிருப்பது ரசனைக்கு நேரும் நஷ்டம். ‘கெட் அவுட்’ படத்தின் திரைக்கதைக்காக ஆஸ்கார் பெற்ற பீல், பெற்ற புகழைப் பத்திரமாகக் காத்துக்கொள்ளும் வழியை விட்டு, இதைவிடப் பெரிய கற்பனையில் துணிந்து இறங்கினார். அந்தத் துணிவு இல்லாவிடில் இந்த இரட்டை வேஷமும் பிறந்திராது. ஆகவே ‘அஸ்’ படத்தைக் குறையோடு சேர்த்தே நான் சிபாரிசு செய்கிறேன்: வாதம் செய்யத் தயங்காத நண்பர்களோடு பாருங்கள், அவர்கள் கேட்கும் கேள்விகளுக்குப் பதில் தேடும்போது, கதையின் வாக்குமூலத்தை ஒதுக்கிவிட்டு நியோங்கோவின் கைகளையும் கழுத்தையும் கவனியுங்கள்.