திரு.வி.க.வின் சமயச் சொல்லும் பொதுவாழ்வும்

திரு.வி. கலியாணசுந்தரனார் (1883–1953) சமயச் சொற்களை அரசியற் பணிக்கு ஆளும் திறமே ஈண்டு யாம் ஆராயப் புகுவது.

1925-இல் வெளிவந்த ‘முருகன் அல்லது அழகு’ என்னும் நூற்பெயரில் ‘அல்லது’ என்னும் சொல் நோக்கத்தக்கது. அஃது ஒன்றை விடுத்து மற்றொன்றைக் கொள்ளும் பொருட்டன்று. இரண்டும் ஒன்றென நிறுத்தும் பொருட்டு. முருகு என்பதற்கு மணம், இளமை, அழகு, கடவுட்டன்மை என்னும் பொருள்கள் பண்டே உண்மையின், அவ்விரிவு வலிந்து கொண்டதாகாது. சென்னையில் 1864-இல் தோன்றிய வேத சமாசம் உருவ வழிபாட்டினின்று விலக முயன்றது. வள்ளலார் தம் சங்கப் பெயரிலிருந்த ‘வேத’ என்பதை 1872-இல் ‘சுத்த’ என மாற்றினார். திரு.வி.க.வோ பெயரை வைத்துக்கொண்டே பொருளை அகலச் செய்தார். இதுவே தமிழ்நெறிக்கு அணுக்கமானது என்பது எம் கருத்து.

இனிப் பொதுவாழ்வு. பட்டினப்பாக்கத்துக் கடற்கரையில் (சிலப்பதிகாரம் கூறும் புகார்ப் பட்டினப்பாக்கம் வேறு) தெற்கு நோக்கி நிற்பார்க்கு அடையாற்றின் கழிமுகத்திற்கு அப்பால் பிரமஞான சபையின் சோலை தோன்றும். அச்சபையினரான வாடியாவைத் தலைவராகக் கொண்டு 27-4-1918-இல் சென்னைத் தொழிலாளர் சங்கம் எழுந்தது, திரு.வி.க. அதன் துணைத்தலைவருள் ஒருவர். ஆயின் சங்கத்தின் முளை அடையாற்றில் இல்லை. செல்வபதி செட்டியார், இராமாநுசுலு நாயுடு ஆகியோர் ஆலைப்பகுதியில் நடத்திய வேங்கடேச குணாமிர்த வர்ஷணி சபையில், சமயவுரை கேட்கக் கூடிய தொழிலாளரிடையே அது முளைத்தது. பத்திமொழி கேட்டுப் பழகிய செவிக்கே கூலியும் ஓய்வும் பற்றிய பேச்சு சென்றது. சமயமொழி அரசியலுக்கு வெறும் அணியன்று என்பதற்கு இதனினும் சிறந்த சான்று வேண்டா.

எனினும் 1921-ஆம் ஆண்டினை மறைத்தல் திறனாய்வாகாது. பக்கிங்காம், கருநாடக ஆலைகளின் வேலைநிறுத்தத்தின்போது ஆதிதிராவிடத் தொழிலாளர் பலர் பணிக்குத் திரும்பினர். புளியந்தோப்பில் சாதிக் கலவரம் மூண்டு உயிர்கள் மாண்டன. ஆலையாரின் சூழ்ச்சியும் அரசின் சார்பும் இதற்குக் காரணமாதல் உண்மையே. முழுப்பழியையும் மொழியின்மேல் ஏற்றல் பொருந்தாது. ஆயினும் வைணவச் சபையொன்றில் முளைத்த சமரச மொழி சேரியிலும் அவ்வாறே ஒலித்திருக்குமோ? கோயிற்கதவு அடைபட்ட செவிக்குச் ‘சமரசம்’ என்னும் சொல் வேறு பொருள் தந்திருத்தல் கூடும். திரு.வி.க. தீண்டாமையைக் கடிந்தவர், குறை அவர் உள்ளத்ததன்று, அச்சொல் பிறந்த இடத்தது.

உலகப்போர்க் காலத்துப் ‘பொதுமை வேட்டல்’ (1942) இவ்விரிவை உலகளாவச் செய்கின்றது. மார்க்சையும் காந்தியடிகளையும் சன்மார்க்கத்தின்கீழ் ஒன்றுபடுத்த அவர் பெரிதும் முயன்றார். வர்க்கப்போரும் அகிம்சையும் மாறுகொள்ளும் இடத்தை ஒரு பெயரால் மூடுதல் தருக்கத்திற்கு ஏலாது. முருகு தாங்கிய விரிவைச் சன்மார்க்கம் தாங்கவில்லை என்க. 1945-இல் வந்த ‘கிறிஸ்துவின் அருள் வேட்டல்’ இவ்வாறன்று. முருகனுக்கும் திருமாலுக்கும் ஆண்ட ‘அருள் வேட்டல்’ என்னும் தொடரையே கிறிஸ்துவுக்கும் ஆள்கின்றார். கிறிஸ்துவை வேறொரு பெயருள் அடக்கவில்லை.