கண்டி மலையின் காய்ந்த முகம்

கண்டியைப் பற்றி எழுதியவர்கள் பெரும்பாலும் பச்சையைப் பற்றியே எழுதியிருக்கிறார்கள். வாவிக்கரை மரங்கள், தேயிலைச் சரிவு, ஹந்தானை மலையில் இறங்கும் பனி. குறை சொல்ல ஒன்றுமில்லை, அத்தனையும் உண்மைதான். ஆனால் அந்தப் பச்சைக்கு ஒரு மறுபக்கம் உண்டு. ஓகஸ்ட் மாதம், எசல பெரஹெராவுக்காக நாடே கண்டிக்குள் வந்து இறங்கும் நாட்களில், எதிர்த்திசையில் மகியங்கனை வீதியைப் பிடித்துக் கிழக்கே போனால் சுமார் 50 கிலோமீற்றருக்குள் அது கண்ணில் பட்டுவிடும். புல் பழுத்து, மண் வெடித்து, கல் துருத்திக்கொண்டு நிற்கும் மலை. அதை ரசிக்க ஆள் குறைவு. நான் அதன் கட்சி.

இந்த வழியை மோட்டார் சைக்கிளிலும் நடையிலுமாகத் தனியாகப் போவதுதான் எனக்குப் பிடிக்கும். துணைக்கு ஆள் இருந்தால் நல்ல காட்சிக்கு மட்டும்தான் வண்டியை நிறுத்துவோம். தனியாக இருந்தால் ஒரு கல்லுக்கும் நிறுத்தலாம், ஏன் நிறுத்தினாய் என்று கேட்க ஆளில்லை.

திகனையைத் தாண்டியதும் விக்டோரியா நீர்த்தேக்கம். 122 மீற்றர் உயரமான வளைவு அணை, 1985இல் திறந்து வைத்தது. பழைய தெல்தெனிய நகரம் இதற்கடியில்தான் கிடக்கிறது. மழை பொய்த்த ஆண்டுகளில் பழைய கட்டடங்களின் மிச்சம் தலைகாட்டும், அதைப் பார்க்கக் கூட்டம் வரும். நான் பார்க்கச் சொல்வது அதையல்ல, கரையை. வெயில் காலத்தில் தண்ணீர் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கும். இறங்கி நின்ற இடத்திலெல்லாம் செம்மண்ணில் விரல்கனத்துக்கு ஒரு படி விழுந்திருக்கும். மேல்படியில் கோரை முளைத்துக் காய்ந்தும் விட்டது. நடுப்படிகளில் மண் பாளம் பாளமாய் வெடித்து, ஒவ்வொரு பாளத்தின் ஓரமும் மேல்நோக்கிச் சுருண்டிருக்கிறது. கடைசிப் படி மட்டும் இன்னும் ஈரக் கறுப்பு, அதன்மேல் கொக்கின் கால்தடம். ஒரு கோடை முழுவதும் அந்தக் கரையில் வரிவரியாகப் பதிந்திருக்கிறது. மேலே நிற்கும் மரங்களின் பச்சையைப் படம் பிடித்துக்கொண்டு போகிறவர்கள் இந்தச் சிவப்பைப் பார்ப்பதேயில்லை.

அப்பால் மெதமகாநுவர. கண்டியின் கடைசி அரசன் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன், நாயக்கர் வழிவந்த கண்ணுசாமி, 1815 பெப்ரவரி 18ஆம் திகதி பிடிபட்டது இந்தப் பக்கத்தில்தான். வேலூருக்குக் கொண்டுபோனார்கள். அங்கேயே 1832இல் காலமானான். ஒளிவதற்கு ஏன் இந்த இடம் என்று வீதியில் நின்று பார்த்தாலே விளங்கும். மலை அடுக்கடுக்காய் மடிந்து கிடப்பதால் ஒரு மடிப்பில் இருப்பவருக்கு அடுத்த மடிப்பில் இருக்கும் வீடு தெரியாது, புகை மட்டும்தான் தெரியும்.

ஹுன்னஸ்கிரிய சந்தியில் ஒரு பிளேன்டீ, கடிக்கக் கித்துள் கருப்பட்டித் துண்டு. இங்கிருந்து இடப்பக்கம் திரும்பும் ஒடுக்கமான வீதிதான் நக்கிள்ஸ் மலைத்தொடருக்குள் போகிறது. கடை வாங்கில் உட்கார்ந்திருந்த தோட்டத்துப் பெரியவர் என் வண்டியையும் என்னையும் மாறிமாறிப் பார்த்துவிட்டு, "தனியாவா போறீங்க தம்பி? அட்டலமெட்டுவையில காத்து ஆளையே தூக்கிரும். சைக்கிள மெதுவா உருட்டுங்க" என்றார். கோர்பட் கணவாயை ஊர்க்காரர்கள் அட்டலமெட்டுவை என்றுதான் சொல்கிறார்கள். கோர்பட் என்ற துரையின் பெயர் வரைபடத்தோடும் பயணிகளோடும் நின்றுவிட்டது.

வழியில் பைன் காடு வரும். பலர் இறங்கிப் படம் எடுப்பார்கள். எனக்கு அதில் ஒட்டுதல் இல்லை. கீழே ஊசியிலை மெத்தை, அதில் புல் இல்லை, பூச்சி இல்லை, குருவிச் சத்தமும் இல்லை. நட்டு வளர்த்த வரிசை அது. வேகமாகக் கடந்துவிடலாம்.

டீன்ஸ்டன் பக்கம் வந்தால் மலை தன் சொந்த உடுப்புக்குத் திரும்புகிறது. வனப் பாதுகாப்புத் திணைக்களத்தின் நிலையத்தில் டிக்கட் வாங்கிக்கொண்டு நடக்கலாம். ஆயிரம் மீற்றரைத் தாண்டும் சிகரங்கள் முப்பதுக்கும் மேலே உள்ள தொடர் இது. கொம்பனிய சிகரம் 1,906 மீற்றர். 2000இல் பாதுகாப்பு வனமானது, 2010இல் மத்திய மலைநாட்டின் பகுதியாக உலக மரபுரிமைப் பட்டியலிலும் ஏறியது. இந்தக் காட்டின் நிழலில் ஒரு காலம் முழுக்க ஏலம் பயிரிட்டார்கள். காட்டுக்குள் நடக்கும்போது மரத்துக்கடியில் இன்னும் ஏலச்செடி தானாக நிற்கும். இலையைக் கசக்கினால் மணம் கையில் ஒட்டிக்கொண்டு சாயந்தரம் வரை போகாது.

ஓகஸ்டிலும் இந்தப் பக்கம் ஈரம்தான். மரத்தின் ஒரு பக்கம் மட்டும் பாசி சடைசடையாய்த் தொங்கும். எந்தப் பக்கம் என்று பார்த்துக்கொள்ளுங்கள், தென்மேற்கு. மழை எந்தத் திசையிலிருந்து வருகிறது என்பதை மரம் சொல்லிவிடுகிறது. அட்டையும் சொல்லும். உப்பு, எலுமிச்சம்பழம், சவர்க்காரம் என்று எதைப் பூசினாலும் காலுறைக்குள் ஒன்றிரண்டு புகுந்துவிடும். ஆனால் கணவாய்க்கு அந்தப் பக்கம் இறங்கிச் சிறிது தூரம் போனால் அட்டை இல்லை, உண்ணி வந்துவிடும். ஈரக்காடு எங்கே முடிகிறது என்று இந்தப் பாதையில் கணக்கெடுக்க வேறு கருவி தேவையில்லை.

கொம்பு ஓணான் ஒன்றைக் கண்டால் அவசரப்படாமல் நில்லுங்கள். உலகத்திலேயே இந்த நக்கிள்ஸ் மலையில் மட்டும் வாழும் இனம். மூக்கு நுனியில் சின்ன இலை ஒன்று நீட்டிக்கொண்டிருக்கும், உண்மையான இலை போலவே தட்டையாக. உடம்பு பாசிப்பச்சை, வால் பக்கம் கபிலம். ஓடாது. கிளையோடு கிளையாய் ஒட்டி நிற்கும். மூச்சு விடும்போது அந்த இலையும் மெல்ல அசைவதைப் பார்க்க அரை மணி நேரம் போனாலும் நட்டமில்லை. 1859இல் இலங்கையைப் பற்றிப் பெரிய நூல் எழுதிய எமர்சன் டெனன்ட் பெயரைத்தான் விலங்கியலார் இதற்கு வைத்திருக்கிறார்கள்.

கணவாய்க்கு வருவோம். பெரியவர் சொன்ன காற்று பொய்யில்லை, தலைக்கவசத்துக்குள்ளேயே ஊதும். வண்டியைப் பாறையோரம் சாய்த்து வைத்துவிட்டு உட்கார்ந்து பார்க்க வேண்டியது ஒன்றே ஒன்று: மேகம் தீர்ந்துபோகும் இடம். மேற்கிலிருந்து மேகம் திரண்டு ஏறி வருகிறது. முகட்டைத் தாண்டி வழிகிறது. வழிந்து கீழே விழ வேண்டியதுதானே? விழுவதில்லை. சரிவில் கொஞ்ச தூரம் இறங்கியதும் ஓரம் கிழிந்து, நூல் நூலாய்ப் பிரிந்து, இல்லாமல் போய்விடுகிறது. பின்னால் புது மேகம் வந்துகொண்டே இருக்கிறது, அதுவும் அதே இடத்தில் தீர்கிறது. அதற்குக் கீழே வெயில்.

காரணம் எளியது. ஈரக்காற்று மலை ஏறும்போது ஆயிரம் மீற்றருக்கு ஐந்தாறு பாகை குளிர்ந்து, ஈரத்தில் பெரும்பகுதியை மேற்குச் சரிவில் கொட்டிவிடுகிறது. ஈரத் துணியைப் பிழிந்த மாதிரி வெறுமையாகிக் கிழக்கே இறங்கும்போது அதே ஆயிரம் மீற்றருக்குப் பத்துப் பாகை சூடேறுகிறது. ஏறும்போது இழந்ததைவிட இறங்கும்போது கூடுதலாக வாங்கிக்கொள்கிறது. இப்படிச் சூடேறிக் கீழ்த்திசையில் ஓடுவதைத்தான் மட்டக்களப்பார் கச்சான் காற்று என்று வெக்கையோடு சேர்த்துச் சபிப்பார்கள். அவர்கள் உடம்பில் உறைக்கும் அந்தச் சூடு பிறக்கும் இடங்களில் ஒன்றில், மேலே குளிரில் நடுங்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறோம்.

இந்தக் காற்றுக்கு நடுவே நிற்கும் மரங்களைக் கிட்டப் போய்ப் பாருங்கள். வயதான மரங்கள், உயரம் என் தோளுக்குத்தான் வரும். இலை சின்னது, தடித்தது, விரலால் நெரித்தால் முறியும். காற்று வரும் பக்கத்தில் கிளையே இல்லை, இருந்த கிளைகள் எல்லாம் கிழக்கே திரும்பிவிட்டன. மரத்துக்கடியில் மானாப்புல். தூரத்தில் ஒரே மஞ்சளாகத் தெரிந்தது பக்கத்தில் அப்படியில்லை. அடித்தாள் வைக்கோல் நிறம், நடுத்தண்டு ஊதா கலந்த சிவப்பு, கதிர் கபிலம். வெயில் சாய்வாக விழும்போது இம்மூன்றும் சேர்ந்துதான் மலைக்கு அந்தச் செம்பு நிறத்தைக் கொடுக்கின்றன. நுனியைத் திருகி முகர்ந்தால் எலுமிச்சை வாடை. ஓரம் மட்டும் கவனம், கையை அறுத்துவிடும்.

நம்முடைய பழைய இலக்கணக்காரர்கள் பாலைக்கென்று தனி நிலம் ஒதுக்கவில்லை. குறிஞ்சியும் முல்லையும் வேனிலில் தம் இயல்பு கெட்டால் அதுவே பாலை என்று வைத்தார்கள். தார் பாலைவனத்தையோ அரபு மணலையோ மனதில் வைத்துக்கொண்டு படித்த காலத்தில் இது எனக்குச் சமாளிப்பு மாதிரித் தெரிந்தது. ஓகஸ்டில் இந்த வீதியில் போகிறவருக்கு அது கண்ணால் கண்டு எழுதியது என்று விளங்கும். மேலே அட்டை கடிக்கும் குறிஞ்சி. அதே மலை, அதே பகல், கீழே பாலை.

கீழே இறங்க, ஹுன்னஸ்கிரியவுக்குத் திரும்பி, மடுகொட, உடதும்பர தாண்டிப் பதினெட்டு வளைவுப் பாதைக்கு வர வேண்டும். கண்டியர்களுக்கு இது வாந்தி எடுக்கும் பாதை, லொறிக்காரர்களுக்கு பிரேக் தேயும் பாதை. மோட்டார் சைக்கிளில் போகிறவருக்கு வேறு ஒன்று. கியரைக் குறைத்து இறங்கினால் ஒவ்வொரு வளைவிலும் முழங்காலில் படும் காற்றின் சூடு மாறும். மேல் வளைவில் சட்டைப் பொத்தானைக் கழற்றத் தோன்றும், நடு வளைவில் சட்டையையே கழற்றத் தோன்றும். எதிரே மகாவலிச் சமவெளி சாம்பல் நிறத்தில் விரிந்து, தொடுவானம் புழுதியில் கரைந்திருக்கும். 1602இல் ஒல்லாந்தக் கப்பற்தலைவர் ஸ்பில்பர்கன் மட்டக்களப்பில் இறங்கிக் கண்டி அரசனைப் பார்க்க வந்ததும் இந்தக் கீழ்த்திசையிலிருந்துதான். அந்த மனிதருக்கு வளைவுப் பாதை இல்லை, ஏற்றம் மட்டும்தான்.

வளைவுகளின் கீழ்ச்சரிவில் காடு கலைந்து, புல்லுக்கு நடுவே மரம் தள்ளித்தள்ளி நிற்கும். மூன்று மரங்களைத் தேடுங்கள்: கடுக்காய், தான்றி, நெல்லி. திரிபலாச் சூரணத்தின் மூன்று சரக்கும் இந்தக் காய்ந்த சரிவுகளிலும், அப்பால் பிபிலைப் பக்கத்துப் புல்வெளிகளிலும் தானாக வளர்கின்றன. பட்டையைத் தட்டிப் பார்த்தால் தடிமன் தெரியும். புல்லில் தீ ஓடும் நாட்டில் நின்று பிழைத்த பட்டை அது. வெளித்தோல் கரி படிந்திருந்தாலும் நகத்தால் கீறினால் உள்ளே ஈரம். சங்கப் பாலைப் பாட்டுகளில் சுரத்தில் நடப்பவரின் வறட்சியைத் தீர்ப்பது நெல்லிக்காய். காய் கிடைக்கும் பருவத்தில் ஒன்றைக் கடித்துவிட்டுப் போத்தல் தண்ணீரைக் குடியுங்கள், சாதாரணத் தண்ணீரே இனிக்கும்.

ஓடை வற்றிய இடத்தில் இறங்கினால் கல்லைப் படிக்கலாம். அமெரிக்காவின் யூட்டா மாநிலத்துக்குப் பள்ளத்தாக்கு பார்க்கப் போகிறவர்கள் சிவப்பு மணற்கல் அடுக்கடுக்காய் நிற்பதைக் கண்டு வாய் பிளக்கிறார்கள். சயன் பள்ளத்தாக்கின் அந்தச் சுவர் சுமார் 18 கோடி ஆண்டுகளுக்கு முன்பிருந்த பாலைவன மணல்மேடு. நம் மலையிலும் மணல் உண்டு. ஆனால் பூமிக்கடியில் போய் வெந்துவிட்ட மணல். 55, 60 கோடி ஆண்டுகளுக்கு முன் கடும் சூட்டிலும் அழுத்தத்திலும் மணற்கல் குவார்சைற் ஆனது, சுண்ணக்கல் சலவைக்கல் ஆனது, களிமண் கார்னெட் பதித்த பாறை ஆனது. அதனால்தான் இங்கே அடுக்கு நேராக இல்லை, நெளிந்து, மடிந்து, சில இடத்தில் தலைகீழாகவும் கிடக்கிறது. பாறையை மழை அரிக்க அரிக்க கார்னெட் மட்டும் கரையாமல் உதிர்ந்து ஓடையில் சேரும். வறண்ட ஓடையின் வளைவில் ஒரு பிடி மணலை உள்ளங்கையில் எடுத்து வெயிலில் சாய்த்துப் பாருங்கள். வெள்ளைக்கு நடுவே கருஞ்சிவப்புப் பொடி மினுங்கும். ஒரு மணியைத் தனியே பிரித்துப் பார்த்தால் அதன் பட்டை கூடத் தெரியும். பார்த்துவிட்டு அங்கேயே விட்டுவிடுங்கள். யூட்டாவின் சுவர் பிரமாண்டம், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஈரக்காட்டிலிருந்து இந்தச் சூட்டுக்கு ஒரு பகலில் இறங்கும் அனுபவத்தைக் கணக்கில் எடுத்தால் எனக்கு உடதும்பரச் சரிவுதான் ஒரு படி மேல்.

போக நினைப்பவர்களுக்குச் சில வார்த்தை. ஜூலை கடைசியிலிருந்து செப்டம்பர் வரை நல்ல காலம். தனியாகப் போவது வீதிக்கும் தெரிந்த பாதைக்கும் மட்டும் வைத்துக்கொள்ளுங்கள், காட்டுக்குள் இறங்குவதானால் ஊராள் ஒருவரைக் கூட்டிப் போங்கள், பனி விழுந்தால் பழகிய பாதையும் தெரியாது. தண்ணீரை ஹுன்னஸ்கிரியவிலேயே நிரப்பிக்கொள்ளுங்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, புல்வெளியில் அடுப்பு மூட்டாதீர்கள், பீடி சிகரெட் பற்ற வைக்காதீர்கள். தீ பிடித்தால் மானாப்புல் அடுத்த மழைக்கே தளிர்த்துவிடும். அதன் ஓரத்தில் நிற்கும் பாசி பிடித்த காடு அப்படித் தளிர்ப்பதில்லை, ஒவ்வொரு தீக்கும் ஒரு வரிசை மரம் பின்வாங்குகிறது.