சி, ஏ, டி: ஒரு சொற்பட்டியலும் ஒரு கட்டுமரமும்

சாயங்காலம் என் வீட்டுக்குப் படிக்க வரும் பையன் ஒருவன் போன வாரம் ஒரு சிறு புத்தகத்தைக் கொண்டுவந்தான். நாகர்கோவிலில் அவன் போகும் டியூஷனில் அச்சடித்துக் கொடுத்தது. ஒவ்வொரு பக்கத்துக்கும் மூன்று ஆங்கில எழுத்துகள். அந்த மூன்றும் சேர்ந்து வருகிற சொற்கள் இடப்பக்கம், அவற்றின் பொருள் வலப்பக்கம். மனப்பாடம் செய்து ஒப்பிக்க வேண்டும்.

'சி, ஏ, டி' பக்கத்தில் தேர்வு வைத்திருக்கிறார்கள். கேட்டமரான் என்ற சொல்லுக்கு எதிரே பையன் 'மரம்' என்று எழுதியிருக்கிறான். சிவப்பு மையால் அடித்துவிட்டு, 'ஒரு வகைப் படகு' என்று திருத்தியிருந்தது. அவன் குடும்பம் குளச்சலிலிருந்து வந்தது. "எங்க பாட்டா மரத்துலதான சாரே கடலுக்குப் போனாவ. இதுல என்ன தப்பு?" என்று கேட்டான். அந்தக் கேள்விக்காகத்தான் புத்தகத்தை முழுசாக வாசித்தேன்.

பகிரும் எழுத்தை வைத்துச் சொற்களை அடுக்குவதை நான் குறை சொல்ல மாட்டேன். நம்மிடமும் அது இருந்தது. மண்டல புருடரின் சூடாமணி நிகண்டில் பதினோராம் தொகுதி, ஒரு சொல்லுக்குப் பல பொருள் சொல்லும் பகுதி. அது எதுகை வரிசையில் அமைந்தது. இரண்டாம் எழுத்து ஒன்றாக வரும் சொற்களெல்லாம் ஒரே இடத்தில். திண்ணைப் பள்ளிப் பிள்ளைகள் அதைப் பாட்டாகவே நெட்டுருப் போட்டார்கள். முதலெழுத்து வரிசையில் 1594-ல் ரேவண சித்தர் அகராதி நிகண்டு செய்த பிறகும் எதுகைக்கு மவுசு குறையவில்லை. காரணம் எளிது. அகம், நகம், முகம், சகம் என்று சொல்லிப் பாருங்கள். எழுத்து ஒன்று, ஓசையும் ஒன்று. ஒரு சொல் நாக்கில் வந்தால் அடுத்தது தானே பின்னால் வரும். எழுதாமலே படிக்கலாம்.

இந்தப் புத்தகம் அந்த உருவத்தை மட்டும் எடுத்துக்கொண்டு உயிரை விட்டுவிட்டது. 'சி, ஏ, டி' பக்கத்தையே வாய்விட்டுப் படியுங்கள். கேட்டலாகில் வாய் அகலத் திறக்கிறது. எஜுகேஷனில் அந்த 'டி' ஷகரமாகிவிடுகிறது. டெலிகெட்டில் 'கெட்' என்று சுருங்குகிறது. கதீட்ரலில் 'டி'யும் அடுத்து வரும் 'எச்'சும் சேர்ந்து ஒரே ஓசை. பட்டியல்காரர் அதை நடுவில் வெட்டியிருக்கிறார். கோட்டாறு சவேரியார் பேராலயத்தைத் தினமும் தாண்டிப் போகிற பிள்ளைக்கு, பிஷப்பின் இருக்கை உள்ள கோயில் என்பதால்தான் அந்தப் பெயர், இருக்கைக்கான கிரேக்கச் சொல் அதற்குள் இருக்கிறது என்று சொன்னால் போதும். ஜென்மத்துக்கும் மறக்காது. 1930-ல் கோட்டாறு மறைமாவட்டம் ஆனது, ஆயரின் இருக்கை இங்கே வந்தது. பாடம் வீதியிலேயே கிடக்கிறது.

ஓசை ஒன்றாக இல்லை, சரி. உறவாவது உண்டா? கொஞ்சம் உண்டு. கேட்டலாக், கேட்டகரி, கேட்டஸ்ட்ரஃபி, கேட்டராக்ட் எல்லாம் 'கட்டா' என்ற கிரேக்க முன்னொட்டில் பிறந்தவை. கீழ்நோக்கி என்பது அதன் முதன்மையான பொருள். கேட்டராக்டுக்குப் புத்தகம் 'அருவி. கண்புரை' என்று போட்டு நிறுத்திக்கொள்கிறது. திற்பரப்புக்கும் கண்ணாஸ்பத்திரிக்கும் என்ன சம்பந்தம் என்று பிள்ளை திகைக்காதா? கீழே பாய்ந்து வருவது என்பது மூலப்பொருள். கோட்டை வாசலில் மேலிருந்து இறக்கும் இரும்புக் கதவுக்கும் அந்தப் பெயர் வந்தது. கண்ணில் இறங்கிய கதவுதான் கண்புரை. இதைச் சொல்ல இரண்டு வரி ஆகும். அந்த இரண்டு வரிக்குப் புத்தகத்தில் இடமில்லை. அட்டையில் டியூஷனின் ஃபோன் நம்பருக்கு மட்டும் மூன்று இடம்.

மற்றவை ஒட்டாத சேர்க்கை. எஜுகேஷன், வெகேஷன் போன்றவற்றில் 'சி' வேரைச் சேர்ந்தது, 'ஏ, டி' விகுதியைச் சேர்ந்தது. கையையும் சட்டையையும் சேர்த்து அறுத்த மாதிரி. நிஜப் பூனை இருப்பது கேட்டர்பில்லரில் மட்டும்: பழைய வடபிரெஞ்சில் 'மயிரடர்ந்த பூனை' என்று கம்பளிப்பூச்சிக்குப் பேர் வைத்தார்கள்.

கேட்டில் என்ற சொல்லைப் பார்த்ததும் எனக்குக் கொஞ்சம் கோபமே வந்தது. 'மாடுகள்' என்று பொருள் போட்டிருக்கிறது, தப்பில்லை. ஆனால் அது சொத்து என்று பொருள்படும் இலத்தீன் சொல்லிலிருந்து வந்தது. கேப்பிட்டல், அதாவது முதல், அதன் உடன்பிறப்பு. தமிழில் மாடு என்றால் செல்வம் என்றும் பொருள் உண்டே. குறளில் கல்வி அதிகாரத்தின் கடைசிக் குறளில் அந்தப் பொருளில்தான் வருகிறது. கால்நடையே சொத்து என்று இரண்டு மொழிகள் ஒன்றையொன்று கேட்காமல் ஒரே முடிவுக்கு வந்திருக்கின்றன. ஒரு தமிழ்ப்பிள்ளைக்கு ஆங்கிலம் சொல்லிக்கொடுக்க இதைவிட நல்ல வாசல் எது?

இனி கேட்டமரான். 'கட்டு', 'மரம்' என்ற இரண்டு தமிழ்ச் சொற்கள் அப்படியே கப்பலேறிப் போனவை. சோழமண்டலக் கரையில் கண்டதை வில்லியம் டாம்பியர் 1697-ல் அச்சான தம் பயண நூலில் விவரிக்கிறார். 1886-ல் யூல், பர்னெல் தொகுத்த ஹாப்ஸன்-ஜாப்ஸன் அகராதியிலும் இடம் பெற்றது. அங்கே போனபின் அதன் பொருள் மாறியது. 1876-ல் அமெரிக்காவில் நத்தானியேல் ஹெரஷாஃப் இரட்டை உடல் கொண்ட பாய்ப்படகு ஒன்றைச் செய்து ஓட்டினார். இன்று ஆங்கிலத்தில் கேட்டமரான் என்றால் பெரும்பாலும் அந்த இரட்டைப் படகுதான்.

ஆகவே 'ஒரு வகைப் படகு' என்பது ஆங்கிலப் பொருளுக்குச் சரிதான். எந்த வகை என்று சொல்லாததால் அரைச் சரி. நம் கரைக் கட்டுமரத்துக்கோ அது பொருந்தவே பொருந்தாது. படகு என்றால் உள்ளே தண்ணீர் வரக்கூடாது. கட்டுமரத்தில் தடிகளுக்கு நடுவே தண்ணீர் ஏறி இறங்கிக்கொண்டே இருக்கும். மேல் உட்கார்ந்தவன் நனைவான், மரம் மூழ்காது. கரைக்கு வந்ததும் கட்டை அவிழ்த்துத் தடிகளை உலர வைப்பார்கள். கடலோரத்தில் அதைக் கட்டுமரம் என்றுகூட முழுசாகச் சொல்வதில்லை, மரம்தான்.

ஃபைபர் வள்ளங்கள் வந்தபின் குமரிக் கரையில் மரங்கள் அருகிவிட்டன. பையனே மரம் ஏறியதில்லை. பாட்டா சொல்லிக் கேட்டதுதான். அந்தச் சொல் அவன் வீட்டில் உயிரோடு இருந்தது. ஆங்கிலப் புத்தகம் வழியாக அவனிடம் திரும்பி வந்தபோது அதற்கு முட்டை மார்க்.

பக்கத்தை அவன் நோட்டில் மாற்றி எழுதவைத்தேன். 'கட்டா' சொற்கள் ஒரு பக்கம், கேட்டிலும் கேப்பிட்டலும் மாடும் ஒரு பக்கம். கேட்டமரானுக்குத் தனிப் பக்கம். அதில் அவன் பாட்டாவிடம் கேட்டு, எத்தனை தடி, எந்தத் தடி நடுவில், கயிறு எப்படிக் கட்டுவது என்று படம் போட்டுக்கொண்டு வருவதாகச் சொல்லியிருக்கிறான். ஞாயிற்றுக்கிழமை குளச்சல் போகிறானாம்.