விளக்கு மங்கியது நிஜந்தான்

பாட்ரிக் ஹாமில்டன் 1938-இல் எழுதிய ‘காஸ் லைட்’ என்ற ஆங்கில நாடகம் இரண்டு தடவை சினிமாவாக வந்தது. 1944-இல் ஜார்ஜ் க்யூகர் எடுத்த படந்தான் அதிகம் பேர் அறிந்தது. அதில் மனைவியாக நடித்த இங்க்ரிட் பெர்க்மனுக்கு ஆஸ்கார் பரிசு கிடைத்தது. படத்தைப் பார்க்காதவர்கள்கூட இன்று அதன் பெயரைப் பேச்சில் வழங்குகிறார்கள். பெயர் பிரபலமான அளவுக்குக் கதையின் உள்விஷயம் கவனிக்கப்படவில்லை என்பது என் அபிப்பிராயம்.

கதை நடப்பது விக்டோரியா ராணி காலத்து லண்டனில். கிரெகரி தன் மனைவி பாலாவை அடிப்பதில்லை. அவன் செய்வது வேறு. அவள் கைப்பையில் இருந்த ப்ரூச்சை ஒளித்துவிட்டு, தொலைத்தது அவள்தான் என்கிறான். சுவரில் இருந்த படத்தை எடுத்துவிட்டு, எங்கே வைத்தாய் என்று அவளையே கேட்கிறான். இரவில் அவன் வெளியே போனதும் காஸ் விளக்கு மங்குகிறது. மேலே மச்சில் காலடி கேட்கிறது. காலி வீடொன்றின் வழியாக மச்சுக்கு ஏறிவந்து நகைகளைத் தேடுகிறவன் அவனேதான். அவன் அங்கே விளக்கேற்றுவதால் கீழே வெளிச்சம் குறைகிறது. அவளோ தன் புத்திதான் மங்குகிறது என்று நம்பத் தொடங்கிவிடுகிறாள்.

காமரன் என்ற போலீஸ் அதிகாரி வருகிற கட்டந்தான் படத்தின் உயிர்நிலை. அவன் எதிரிலேயே விளக்கு மங்குகிறது. அவனும் அதைப் பார்க்கிறான். அவ்வளவுதான், அவள் முகத்தில் பாதி நோய் தீர்ந்துவிடுகிறது! அவன் முதலில் தருவது மருந்தும் அல்ல, புத்திமதியும் அல்ல, சாட்சி. உலக சுகாதார ஸ்தாபனம் 2014-இல் வெளியிட்ட வைத்திய ஊழியர் கைநூலும் இதைத்தான் சொல்கிறது: காது கொடுத்துக் கேள், தேவையை விசாரி, அவளை நம்புவதாகத் தெரிவி, பாதுகாப்புக்கு வழி செய், துணை சேர்த்து விடு.

இதற்கு அடுத்த கட்டம் இன்னும் நயமானது. வந்தது யார் என்று கிரெகரி விசாரிக்கும்போது, சமையற்காரி எலிஸபெத், எஜமானியைக் காப்பாற்றுவதாக நினைத்துக்கொண்டு, யாரையும் பார்க்கவில்லை என்று சொல்லிவிடுகிறாள். நல்ல எண்ணந்தான். ஆனால் பாலா, காமரன் வந்ததே கனவோ என்று மறுபடியும் இருட்டில் விழுகிறாள். வாய் திறக்காமல் இருப்பதே உபகாரம் என்று நினைக்கிற உறவினர்கள் இந்தக் காட்சியை இரண்டு தடவை பார்க்கலாம்.

குறையும் உண்டு. கிரெகரி ஒரு கொலைகாரன். பாலாவின் சித்தியைக் கொன்றவன். அதனால்தான் போலீசுக்கு அந்த வீட்டில் வேலை இருக்கிறது. நகையும் கொலையும் இல்லாத ஒரு கிரெகரியாக இருந்தால்? கண்டிப்பான புருஷன் என்று பெயர் வாங்கிக்கொண்டு சௌக்கியமாக இருந்திருப்பான். மனைவியை இப்படி ஆட்டிவைப்பதே குற்றம் என்று இங்கிலாந்தில் சட்டம் வந்தது 2015-இல்தான்.

இன்னொன்று: புருஷன் கைதானதும் படம் முடிந்துவிடுகிறது. ஒரு மாதம் கழித்து அவளுடைய சாவிக்கொத்து நிஜமாகவே, எல்லோருக்கும் தொலைவதுபோல், தொலைந்துபோனால் அவள் நெஞ்சு என்ன பாடுபடும்? அப்போது பக்கத்தில் உட்கார்ந்து, “எனக்கும்தான் தொலைகிறது, சேர்ந்து தேடலாம்” என்று சொல்ல யார் இருப்பார்கள்? துப்பறிகிறவனின் வேலை அங்கே முடிந்தது. நாவலாசிரியனின் வேலை அங்கேதான் ஆரம்பம்.